ஏலவார்குழலியின் இடது கை

பிள்ளையார்பாளையத்தில் போய் ஏலவார்குழலி வீடு எது என்று கேட்டால் எந்த ஏலவார்குழலி என்று திருப்பிக் கேட்பார்கள். ஏகாம்பரநாதர் கோயில் அம்மன் பெயர் அது. தெருவுக்கு இரண்டு பேராவது அந்தப் பெயரில் இருப்பார்கள். பாவு பிணைக்கிற குழலி என்று கேட்டுப் பாருங்கள், தெருக்குழாயில் குடத்தோடு நிற்கிறவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து வீட்டைக் காட்டுவாள்.

தறியில் நீளவாட்டில் கட்டிய பாவு ஒன்று நெய்து தீர்ந்ததும், அதன் கடைசி இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒன்றுக்கு ஒன்று சேர்த்துத் திரிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான பட்டிழை. ஒவ்வொன்றும் தலைமயிரைவிட மெல்லிசு. சாம்பலைத் தொட்டுக்கொண்டு, இடது கையின் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் இரண்டு இழையையும் பிடித்து, வலது கையால் ஒரு திரி. சொல்வதற்கு அவ்வளவுதான் வேலை. செய்து பார்க்கிறவர்களுக்குக் கழுத்து போகும், கண் போகும், கடைசியில் பொறுமையும் போகும். குழலிக்கு மட்டும் எதுவும் போகாது. அவள் திரித்த இழை நடுவில் விட்டுப்போனதாக அந்தத் தெருவில் ஒருவரும் சொன்னது கிடையாது. அவள் விரல் நுனி ரோஜா இதழ் மாதிரி இருக்கும் என்று பொறாமைப்படுகிறவர்களே சொல்வார்கள். பட்டுக்கு அப்படிப்பட்ட விரல்தான் வேண்டும். கொஞ்சம் சொரசொரப்பு இருந்தாலும் இழை மாட்டிக்கொண்டு பிசிறு எழும்பும், அப்புறம் அறும்.

இவ்வளவு நல்ல விரலை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாடுதான் இந்தக் கதை.

குழலி பிறந்ததும் தறி இருக்கிற வீட்டில், வாழ்க்கைப்பட்டதும் தறி இருக்கிற வீட்டில். பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது முடித்ததும் அப்பா அவளைச் சேலைக் கரைக்கு இழை கோக்கும் நாடாக்கட்டையைத் தள்ள உட்கார வைத்துவிட்டார். கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்கு வந்த மறுவாரமே புதுப் பாவு ஒன்று காத்துக்கொண்டிருந்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் தறிச் சத்தம்தான் தாலாட்டு. அவள் கை செய்த எல்லாமே கடைசியில் யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் இடுப்புக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் அவளுக்கு வருத்தம் எதுவும் கிடையாது, பெருமைதான். அவளை அழுமூஞ்சி என்று நினைத்துக்கொண்டால் அது உங்கள் தப்பு.

புருஷன் கைலாசமும் கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், பொய் சொல்லத் தெரியாது. ஆனால் தறிக்கு உதவாத எதைக் கேட்டாலும் அவன் வாயிலிருந்து முதலில் வருவது "எதுக்கு?" என்கிற ஒரே வார்த்தை. ஊருக்கு சர்க்கஸ் வந்தபோது "எதுக்கு?" என்றான். மகாபலிபுரம் பார்க்கலாம் என்று தெருவே பஸ் வைத்துக்கொண்டு கிளம்பியபோதும் "எதுக்கு?" என்றான். அதற்குப் பதில் சொல்லி ஜெயித்தவர் அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. குழலி கேட்பதையே விட்டுவிட்டாள்.

எழுபத்திரண்டாம் வருஷம் நகராட்சிக்குத் திடீரென்று பெண்கள்மேல் அக்கறை பிறந்தது. சாக்கடையில் கொசு மருந்து அடிக்க ஆள் கிடையாது. தெருவிளக்கு எரிந்தால் அது அதிசயம். அதெல்லாம் கிடக்கட்டும் என்று, ஒரு சைக்கிள் ரிக்ஷாவில் மைக்கைக் கட்டிக்கொண்டு வந்து அறிவித்தார்கள். நகராட்சி மகளிர் மன்றம் துவக்கம், இலவசப் பயிற்சி வகுப்புகள், தையல், பூ வேலை, பிளாஸ்டிக் கூடை பின்னுதல், வீணை, தாய்மார்களே திரண்டு வாரீர். மைக்கில் பேசியவர் பூவராகவன், நகராட்சி ஆபீஸ் குமாஸ்தா. தாய்மார்கள் திரண்டு வருவார்களோ மாட்டார்களோ என்ற பயம் அவர் குரலிலேயே தெரிந்தது.

அதிசயமாகக் கைலாசமே அவளைப் போகச் சொன்னான்.

"தையல் கத்துக்கினு வாயேன். வூட்டு ஜாக்கெட்டு, புள்ளைங்க பாவாடை, எல்லாத்தயும் நீயே தெச்சிக்கலாம் இல்ல?"

வாரத்தில் மூன்று நாள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டுப் போன பிறகு, நகராட்சிப் பெண்கள் பள்ளியிலேயே வகுப்பு நடந்தது. ஒரு பெரிய கூடத்தை மூங்கில் தட்டியால் இரண்டாகத் தடுத்திருந்தார்கள். இந்தப் பக்கம் லில்லி டீச்சரின் தையல். அந்தப் பக்கம் ரேணுகாம்பாளின் வீணை. இந்தப் பக்கம் மிஷின் கடகடவென்று ஓடும். அது நின்ற இடைவெளியில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு கம்பியின் ஒலி வரும், வந்து அப்படியே நிற்கும்.

குழலிக்கு அந்த நிற்பதுதான் பிடித்துப்போனது. அவள் கேட்டு வளர்ந்த சத்தம் எல்லாம் தறிச் சத்தம். அது அடித்ததும் முடிந்துபோகும். அடுத்த அடிக்கு இடம் விட்டுவிடும். இது அப்படி இல்லை. ஒரு விரல் அழுத்திக்கொண்டிருக்கிற வரைக்கும் ஒலி உயிரோடு இருந்தது. அவள் ஊசியைப் பிடித்தபடி வாயைத் திறந்துகொண்டு கேட்டாள். ஒரு காஜாவைத் தைத்து முடிக்க அவளுக்கு ஒரு வகுப்பு முழுவதும் ஆனது.

லில்லி டீச்சர் விவரமான மனுஷி. மூன்றாவது வகுப்பிலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"குழலி, உன் கண்ணு மட்டும்தான் துணியில இருக்குது. காது தட்டிக்கு அந்தாண்ட போயிடுச்சி. நீயும் எழுந்து அந்தாண்ட போயிடும்மா."

"வூட்ல தையல்னு சொல்லிக்கினு வந்திருக்கிறேன் டீச்சர்."

"தட்டிக்கு இந்தாண்டயும் அந்தாண்டயும் ஒரே பள்ளிக்கூடம்தானே. வூட்ல இன்னா, தட்டியப் பாத்தாங்களா?"

அன்றைக்குத் தட்டியைத் தாண்டினவள்தான். வீட்டில் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பொய் எல்லாம் அப்படித்தான் ஆரம்பிக்கிறது. நாலு நாள் போனால் அதைச் சொல்வதற்கு ஒரு தனித் தைரியம் வேண்டியிருக்கிறது. ஒரு மாதம் போனால் அந்தத் தைரியம் யாருக்கும் வருவதில்லை.

தையல் வகுப்புக்குப் போகிறவள் எதையாவது தைத்துக்கொண்டு வர வேண்டுமே! லில்லி டீச்சர் கை கொடுத்தாள். மற்ற பெண்கள் பழகுவதற்குத் தைத்த பாவாடை ஒன்று, கைக்குட்டை ஒன்று, தலையணை உறை ஒன்று என்று அவ்வப்போது குழலியின் பையில் போட்டு அனுப்பினாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கைலாசத்துக்கு ஆசை வந்துவிட்டது. தனக்குப் பட்டாபட்டி அண்டர்வேர் ஒன்று தைத்துத் தரச் சொல்லித் துணி வாங்கிக் கொடுத்தான். லில்லி டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு அதையும் தைத்தாள். அவன் போட்டுப் பார்த்துவிட்டுத் தெருவில் நாலு பேரிடம் சொன்னான். கடைக்காரன் தைத்தால்கூட இவ்வளவு நேர்த்தியாக வராது என்றான். மறுநாள் பக்கத்து வீட்டுக் கமலாட்சி, கையில் ஜாக்கெட் துணியோடு வந்து நின்றாள்.

"இன்னும் ஜாக்கெட்டு சொல்லிக் குடுக்கலக்கா" என்று குழலி அனுப்பி வைத்தாள். கமலாட்சி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள். கமலாட்சியும் பாவு பிணைக்கிறவள்தான். குழலிக்கு அடுத்தபடியாகத்தான் அவளைக் கூப்பிடுவார்கள். அந்த அடுத்தபடி அவளுக்கு எவ்வளவு கசப்பாக இருந்தது என்பதை அவள் பார்வை சொல்லிவிடும்.

ஆனால் இந்தத் தையல் தொல்லை எல்லாம் சின்னது. பெரிய தொல்லை விரல் நுனியில் வந்தது.

வீணைக் கம்பியை இடது கையின் ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் அழுத்திக்கொண்டு மேலும் கீழும் ஓட்ட வேண்டும். முதல் மாதம் எரியும். இரண்டாவது மாதம் தோல் தடித்துக் கம்பி ஓடிய இடத்தில் பள்ளம் விழும். பள்ளம் விழுந்து இறுகினால்தான் ஸ்வரம் நிற்கும். ரேணுகாம்பாளுக்கு இந்தப் பள்ளம்தான் வருகைப் பதிவேடு. திங்கட்கிழமை வந்து உட்கார்ந்ததும் எல்லாரும் இடது கையை நீட்ட வேண்டும். அவள் தன் கட்டைவிரலால் ஒவ்வொருத்தி விரல் நுனியையும் தடவிப் பார்ப்பாள். பள்ளம் இருந்தால் பயிற்சி செய்திருக்கிறாள், இல்லாவிட்டால் பொய் சொல்கிறாள். வேறு பேச்சே கிடையாது. நகராட்சி வாங்கிக் கொடுத்ததோ இரண்டே வீணை. சொந்தமாக வீணை வைத்திருந்த வக்கீல் வீட்டுப் பெண்ணும் வாத்தியார் மனைவியும் வீட்டிலேயே பழகினார்கள். மற்றவர்கள் முறை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்திலேயே வாசித்துப் பழகினார்கள்.

அதே இரண்டு விரலால்தான் குழலி வீட்டில் பட்டிழையைப் பிடித்தாக வேண்டும்.

முதல் தடவை இழை மாட்டியபோது அவளுக்கு விளங்கவில்லை. சாம்பல் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தொட்டுக்கொண்டாள். திரும்பவும் மாட்டியது. விரலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். நுனியில் மெல்லிசாக ஒரு கோடு, அதன் ஓரத்தில் ஒரு பட்டுப் பிசிறு ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அந்தப் பாவை எப்படி முடித்தாள் என்பது அவளுக்கே தெரியாது. ஒவ்வொரு இழைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரித்தாள். கைலாசம் தறியில் உட்கார்ந்து மிதித்துப் பார்க்கிற வரைக்கும் வாயில் தண்ணீர் ஊற்றவில்லை.

அப்புறம்தான் அவள் அந்தக் காரியத்தை ஆரம்பித்தாள். வேறு எந்த ஊர்க்காரியும் செய்திருக்க மாட்டாள். பள்ளிக்கூடத்துக் கிணற்றடியில் துணி துவைக்கிற கல் ஒன்று இருந்தது. வீட்டில் பாவு பிணைக்க வேண்டியிருந்தால், வகுப்பு முடிந்ததும் அங்கே போய் விரல் நுனியை அந்தக் கல்லில் தேய்ப்பாள். காய்ப்பு கரைந்து, அடியில் இருக்கிற இளஞ்சிவப்புத் தோல் தெரிகிற வரைக்கும் தேய்ப்பாள். இழை மாட்டாது, வீடு தப்பித்தது. ஆனால் அடுத்த வகுப்பில் கம்பியைத் தொட்டால் உயிர் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு வாசிப்பாள். அதற்குள் இன்னொரு பாவு வந்துவிடும். திரும்பவும் கல். வீட்டுக்கு வழுவழு விரல் வேண்டும், வகுப்புக்குக் காய்த்த விரல் வேண்டும். இரண்டு பேருக்கும் நல்லவளாக இருக்கப் பார்த்து, எந்தப் பக்கம் போனாலும் திருடி மாதிரி கையை மடக்கிக்கொண்டு நடந்தாள்.

ரேணுகாம்பாளுக்குத் தலைகால் புரியவில்லை.

"எனக்கு இது விளங்கவே இல்லம்மா. தாளம் தப்பல. காது சுத்தமா இருக்குது. ஒரு தடவ சொன்னா புடிச்சிக்கிற. ஆனா எட்டு மாசமா விரல் மட்டும் பச்சக்குழந்த விரலாட்டம் இருக்குது. நீ பழகவே இல்ல, அப்படித்தானே?"

"பழகுறேம்மா."

"பழகுற விரலா இது? ஸ்வரம் வந்து நிக்கிறதுக்குள்ள செத்துப்போவுது. வெளியில எத்தன பேர் எடம் கேட்டுக்கிட்டு நிக்கிறாங்க தெரியுமா?"

குழலி தலையைக் குனிந்துகொண்டாள். நான் தேய்த்துவிடுகிறேன் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் எதற்கு என்று கேட்பாள். பட்டுக்காக என்றால், பட்டா வீணையா என்று கேட்பாள். அந்தக் கேள்வியைத் தன்னிடம் யாரும் கேட்டுவிடக் கூடாது என்றுதான் அவள் அத்தனை மாதமாகக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மன்றத்தின் ஆண்டு விழா வந்தது. நகராட்சிப் பூங்காவில் மேடை, சேர்மன் வருகிறார், வகுப்புக்கு வகுப்பு ஒரு நிகழ்ச்சி. வீணை வகுப்பிலிருந்து நாலு பேர் சேர்ந்து ஒரு கீதம் வாசிக்க வேண்டும். ரேணுகாம்பாள் குழலியையும் சேர்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு எல்லார் முன்னாலும் ஒரு நிபந்தனையும் போட்டாள்.

"வர்ற திங்கக்கெழமை உன் விரல்ல பள்ளம் இருக்கணும். இல்லன்னா மேடையும் இல்ல, வகுப்பும் இல்ல. உன் எடத்த வேற ஒருத்திக்குக் குடுத்துடுவேன்."

குழலி வீட்டுக்கு வந்தாள். நடையில் புதுப் பாவு சுருட்டி வைத்திருந்தது. அரக்கு நிறம். ஆரணிப் பக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகிற கூரைப்புடவை, தேதி வைத்தாகிவிட்டது, முந்தின பாவை அன்று காலையில்தான் அறுத்தெடுத்தார்கள். கைலாசம் தறிக் கயிறுகளை ஒழுங்குபடுத்திக்கொண்டே சொன்னான்:

"நாளைக்குக் காலையில உக்காந்துடு. நல்ல எடத்துப் பொடவை. ஒரு இழ பிசிறக் கூடாது."

அன்றைக்கு அவள் கிணற்றடிக்குப் போகாமல் வந்திருந்தாள். தண்ணீர்ப் பானை பக்கத்தில் நின்று விரலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். பள்ளம் நன்றாகத் தட்டுப்பட்டது. புழக்கடையிலும் கல் இருந்தது. தேய்க்க ஒரு நிமிஷம் ஆகாது. தேய்த்தால் திங்கட்கிழமைக்குள் திரும்ப வராது. கல் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டாள். கையை நீட்டினாள். அவள் கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. சும்மா எழுந்து உள்ளே போய்ச் சோறு வடித்தாள்.

வேறொரு வழி இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. காய்ப்பு இருப்பது இரண்டு விரலில்தானே? மோதிர விரல் நன்றாகத்தானே இருக்கிறது? இழையை மோதிர விரலிலும் கட்டைவிரலிலும் பிடித்தால் என்ன? மறுநாள் காலையில் சாம்பல் கிண்ணத்தோடு தறி முன்னால் உட்கார்ந்து அப்படித்தான் ஆரம்பித்தாள். மோதிர விரலுக்குப் பழக்கம் இல்லை. இழை வழுக்கியது. ஒரு இழைக்கு ஆகிற நேரத்தில் அவள் வழக்கமாக நாலு இழை முடித்திருப்பாள். கைலாசம் எதிரில் உட்கார்ந்து இழையை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். அவன் நீட்டிய இழை அந்தரத்தில் காத்துக்கொண்டு நின்றது.

"இன்னா குழலி, ஒடம்பு சரியில்லயா?"

"இல்லியே."

இன்னும் கொஞ்ச நேரம் போனது. அவன் இழையை விட்டுவிட்டு அவள் கையையே பார்த்தான்.

"இன்னா இது, மோதிர வெரல்ல புடிக்கிற?"

"ஆள்காட்டி வெரல்ல ஊசி குத்திக்கிச்சிங்க. தையல்ல."

அதைச் சொல்லும்போதே பதற்றத்தில் பழைய பழக்கம் வந்துவிட்டது. அடுத்த இழையை ஆள்காட்டி விரலில் பிடித்துவிட்டாள். மாட்டியது. உதறினாள். அரக்குப் பட்டு ஒன்று பிசிறு தட்டி, சின்னதாக ஒரு சத்தத்தோடு அறுந்து, விரல் நுனியில் தொங்கியது.

கைலாசம் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். கையை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்து, தொங்கிய இழையை மெதுவாக எடுத்தான். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தன் நகத்தால் அந்தப் பள்ளத்தில் ஒரு கீறு கீறிப் பார்த்தான்.

"ஊசி குத்துனா புள்ளி விழும். இது கோடு. ரெண்டு வெரல்லயும் கோடு. ஏதோ கம்பிய வெச்சி அழுத்துன கோடு. இன்னா கம்பி இது?"

பிறந்ததிலிருந்து நூலும் கம்பியுமாகக் கிடந்தவனிடம் என்ன சொல்லித் தப்பிப்பது?

"வீணைங்க."

"யாரு வீணை?"

"நகராட்சி வீணை."

திட்டியிருந்தால் அவளும் அழுது தீர்த்திருப்பாள். அவன் திட்டவில்லை. அறுந்த இழையைச் சுருட்டி ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். குழலி சாம்பல் கிண்ணத்தின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா வீட்டுக்குப் போய்ச் சொல்லப் போகிறானா, பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சண்டை போடப் போகிறானா, லில்லி டீச்சரை என்ன கேட்கப் போகிறான் என்று மனசு எங்கெங்கோ ஓடியது.

அவன் அவ்வளவு தூரம் போகவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போய்க் கமலாட்சியைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

"எந்திரி. அந்தக் கையால இனிமே பாவு தொடாத."

கமலாட்சிக்கு வாயெல்லாம் பல். இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, குழலி எழுந்த இடம் ஆறுவதற்குள் உட்கார்ந்துகொண்டாள். சாம்பல் கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். அந்தக் கிண்ணம் நகர்ந்த சத்தம் குழலிக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் அந்த வீட்டுப் பாவை வேறு ஒரு கை தொட்டது கிடையாது. பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கப் பேச்சு. குழலிக்குக் கை போச்சாம் என்றார்கள். கைலாசம் தள்ளி வெச்சிட்டானாம் என்றுகூட ஒருத்தி சொன்னாளாம். தறியைவிட்டுத் தள்ளினதைத்தான் அப்படிச் சொன்னாள் என்று இன்னொருத்தி விளக்கம் கொடுத்தாளாம்.

கைலாசம் அவளோடு பேசாமல் இல்லை. சோறு போடு என்றான், பிள்ளைக்குக் காய்ச்சலா என்று கேட்டான். வீணையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. வகுப்புக்குப் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அந்த வாயின் ஓரத்தையே பார்த்துக்கொண்டு குழலி நாளைத் தள்ளினாள். அவன் ஒரே ஒரு தடவை "எதுக்கு?" என்று கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அந்த வார்த்தைக்கு அவள் ஏங்குவாள் என்று யார் கண்டது!

திங்கட்கிழமை போனாள். போகாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். ரேணுகாம்பாள் விரலைத் தடவிப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தாள்.

"இதப் பாரு! இதுதான் விரலு. இப்பத்தான் ஒழுங்கா பழகியிருக்கற."

எட்டு மாதமாக அந்த ஒரு சொல்லுக்குத்தான் குழலி உயிரை விட்டுக்கொண்டிருந்தாள். அது வந்தபோது அவளுக்குச் சந்தோஷமே வரவில்லை. வீட்டில் கமலாட்சி இந்நேரம் என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்றுதான் நினைப்பு ஓடியது.

விழா அன்றைக்குச் சாயந்திரம், பிள்ளைகளுக்குச் சோறு எடுத்து வைத்துவிட்டு, உள்ளதில் நல்ல சுங்குடிச் சேலையைக் கட்டிக்கொண்டாள். கைலாசம் தறிக் குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தான்.

"பூங்காவுல விழாங்க. போய்ட்டு வரேன்."

"ம்" என்றான். அந்த "ம்" எப்படிப்பட்ட "ம்" என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனாள். கோபமான "ம்" மாதிரியும் இருந்தது, ஏதோ நினைப்பில் சொன்ன "ம்" மாதிரியும் இருந்தது. பூங்கா வந்துவிட்டது, விடை வரவில்லை.

பூங்காவில் சீரியல் விளக்குப் போட்டிருந்தார்கள். தூணுக்குத் தூண் ஒலிபெருக்கி. சேர்மன் பேசினார், அதற்கப்புறமும் பேசினார். கூடை பின்னினவர்கள் கூடையைக் காட்டினார்கள். பூவராகவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, நமது மன்றத்தின் வீணைக் கலைஞர்கள் என்று தொடங்கிப் பெயரும் தெருவும் சொல்லி அழைத்தார். பிள்ளையார்பாளையம் கைலாசம் அவர்களின் துணைவியார் ஏலவார்குழலி என்று ஒலிபெருக்கியில் வந்தது. அந்தப் பெயரை அப்படி உரக்கச் சொல்லிவிட்டார்களே, அவனைக் கேட்டார்களா என்று நினைத்தாள்.

மேடையில் வீணையை மடியில் சாய்த்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். கூட்டத்துக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான். தோளில் துண்டு. விளக்கு கண்ணில் அடித்ததால் முகம் தெரியவில்லை. கைலாசமாக இருக்குமோ என்று பயந்தாள், இல்லாமல் போய்விடுமோ என்றும் பயந்தாள். ரேணுகாம்பாள் தாளம் போட்டாள். கம்பியில் விரலை வைத்தாள். பள்ளம் கம்பியைச் சரியாகப் பிடித்துக்கொண்டது, வலி இல்லை. ஒலி எழும்பி, அவள் விட்ட இடத்தில் அப்படியே நின்றது. அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்குக் கமலாட்சியும் இல்லை, சேர்மனும் இல்லை. நடுவில் ஒரு இடத்தில் மட்டும் கண் அந்தத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விட்டது. ஒரு ஸ்வரம் கை நழுவியது. மற்ற மூன்று வீணையும் அதை மூடிக்கொண்டு போய்விட்டன. முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். ரேணுகாம்பாள் முதுகில் தட்டி, அப்பழுக்கில்லாமல் வாசித்தீர்கள் என்றாள்.

வெளியே வந்தால் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் கைலாசம் நின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் நடக்க ஆரம்பித்தான். அவள் ஓர் அடி பின்னால் நடந்தாள். கடைத்தெரு தாண்டி, ஆள் நடமாட்டம் குறைகிற இடம் வரைக்கும் பேச்சில்லை.

"நடுவுல ஒரு எடத்துல விட்டுப்போச்சி இல்ல?" என்றான்.

குழலி நின்றுவிட்டாள். நாலு வீணைச் சத்தத்தில் சொல்லிக் கொடுத்தவளுக்கே தெரியாமல் போனது அது.

"ஆமாங்க. எனக்குத்தான் விட்டுப்போச்சி."

"கேட்டுச்சி. மத்ததெல்லாம் சரியாத்தான் இருந்திச்சி."

அவளுக்குக் கண் கலங்கியது. அவன் கவனிக்கவில்லை, அல்லது கவனிக்காத மாதிரி நடந்தான்.

"கமலாட்சி பிணைச்சது அங்கங்க வுட்டுக்கினே வருது. அறுந்த எழய எடுக்கிறதுக்கே பாதிப் பொழுது போவுது. உன் கை அவளுக்கு வராது."

"நான் வேணா கல்லுல தேச்சிட்டு வந்து உக்காரட்டுங்களா? ஒடனே வழுவழுன்னு ஆயிடும். எட்டு மாசமா அப்படித்தாங்க செஞ்சிக்கினு இருந்தேன்."

கைலாசம் இந்தத் தடவை நின்றான். திரும்பி அவள் கையைப் பார்த்தான். அவள் சட்டென்று முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"கல்லுலயா?"

"ஆமாங்க."

"எட்டு மாசமா?"

அவள் முந்தானைக்குள்ளேயே விரலை மடக்கிக்கொண்டாள்.

"வாணாம். இனிமே தேய்க்காத. இருக்கறபடி இருக்கட்டும், பாவு வேலைய நான் பாத்துக்கிறேன்" என்றான். அவன் குரல் என்னவோ போல இருந்தது. கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பவும் கேட்டான்: "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்பீங்க?"

தெரு முனைவரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தான். பொய் சொல்லத் தெரியாத மனுஷன், என்ன செய்வான் பாவம்!

"வாணாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றான்.

"அதுக்குத்தாங்க கேக்கல" என்றாள் குழலி.